ஸ்மூட்–ஹாலி சட்டம்: பழி எவ்வளவு, பங்கு எவ்வளவு?

கேள்வி இது: "1930-ல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றிச் சட்டம் போட்டதால்தான் உலகப் பெருமந்தம் வந்தது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அன்றைய அமெரிக்கப் பொருளாதாரத்தில் இறக்குமதியே சொற்பம், பாதிப்பெல்லாம் கட்டுக்கதை என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எது சரி? ஆயிரம் பொருளியல் அறிஞர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட மசோதா எப்படி நிறைவேறியது?"

முதலில் தேதிகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்கத் தொழில் உற்பத்தி 1929 கோடையிலேயே சரியத் தொடங்கிவிட்டது. பங்குச் சந்தை விழுந்தது அக்டோபர் கடைசியில். அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் ஸ்மூட்–ஹாலி மசோதாவில் கையெழுத்திட்டதோ 1930 ஜூன் 17. ஆக, மந்தத்தைப் பெற்றெடுத்தது அந்தச் சட்டம் அல்ல. 'மசோதா வரப்போகிறது என்ற பயத்தில்தான் சந்தை விழுந்தது' என்றொரு வாதமும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த அக்டோபரில் மசோதா மேலவையான செனட்டில் மாட்டிக்கொண்டு நின்றது. எதிர்த்தரப்பு ஜனநாயகக் கட்சியினரும் ஹூவரின் சொந்தக் குடியரசுக் கட்சியிலேயே அதிருப்தியில் இருந்த மேற்கு மாநிலத்தவரும் கைகோத்து, ஆலைப் பொருள்களுக்கான வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மசோதா தேறுவதே சந்தேகம் என்று பேசப்பட்ட நேரம் அது.

அதற்காக 'சொற்ப இறக்குமதி, சொற்பப் பாதிப்பு' என்று கடந்துபோகவும் முடியாது. சட்டத்தில் அச்சான விகிதங்கள் செய்த சேதத்தைவிட, அச்சில் இல்லாத இரண்டு விஷயங்கள் செய்த சேதம் பெரிது. விலைவாசி விழுந்தபோது அந்த வரிகள் தாமாகவே கனத்தன; அண்டை நாடுகள் சும்மா இருக்கவில்லை. இவற்றுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மசோதா எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் மற்றது பிடிபடும்.

தொடக்கம் என்னவோ விவசாயியின் பெயரில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குக் கோதுமை விற்றுக் காசு பார்த்த அமெரிக்க விவசாயி, கடன் வாங்கி மேலும் நிலம் வாங்கினார். 1920–21-ல் விளைபொருள் விலை சரிந்தது. கடன் அப்படியே நின்றது. நகரத்தில் காரும் ரேடியோவும் பெருகிய அந்தப் பத்தாண்டில், கிராமப்புற வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உபரி விளைச்சலை அரசே வாங்கி வெளிநாட்டில் விற்கும் திட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதிபர் கூலிட்ஜ் 1927-லும் 1928-லும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1928 தேர்தலில் ஹூவர் வைத்த மாற்று, வெளிநாட்டு விளைபொருளுக்கு வரி கூட்டுவது. ஜெயித்ததும் 1929 ஏப்ரலில் அதற்கென்றே சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார்.

இதில் அடிப்படையிலேயே ஓர் ஓட்டை இருந்தது. கோதுமையும் பருத்தியும் அமெரிக்கா ஏற்றுமதி செய்த பொருள்கள். உள்ளே வராத சரக்குக்கு வாசலில் வரி போட்டு யாருக்கு என்ன லாபம்? கோதுமைக்கு புஷல் ஒன்றுக்கு (சுமார் 27 கிலோ) 42 சென்ட் வரி இருந்தது. 1932-ல் அமெரிக்க விவசாயிக்குத் தன் கோதுமைக்குக் கிடைத்த சராசரி விலையே புஷலுக்கு 38 சென்ட்தான். பொருளின் விலையைவிட அந்தப் பொருளைக் காப்பாற்றும் வரி அதிகம்! விலை தீர்மானமானது லிவர்பூல் போன்ற உலகச் சந்தைகளில். வாஷிங்டனில் போட்ட வரிக்கு அங்கே வேலையே இல்லை. கரும்பு, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு, கம்பளி, எலுமிச்சை போன்ற சில பயிர்களுக்கும் பொருள்களுக்கும் வரி உதவியிருக்கலாம். நாட்டின் பெரும்பான்மை விவசாயிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிகூட இல்லை.

'விவசாயத்தோடு நிறுத்திக்கொள்வோம், ஆலைப் பொருள்களைத் தொட வேண்டாம்' என்று ஐடஹோ மாநில செனட்டர் வில்லியம் போரா 1929 ஜூனில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 39-க்கு 38 என்று ஒரே ஓட்டில் தோற்றது. என்னைக் கேட்டால் இந்த மசோதாவின் தலையெழுத்து எழுதப்பட்டது அன்றைக்குத்தான். பட்டியலைத் திறந்தாகிவிட்டது. இனி யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது?

தோல் கதையைக் கேளுங்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் இறக்குமதித் தோலுக்கு வரி கேட்டார்கள். 1922 சட்டத்தில் பச்சைத் தோல், பதனிட்ட தோல், தோல் ஷூ எதற்குமே வரி கிடையாது. மாட்டுத் தோல் பண்ணைப் பொருள்தானே, கோரிக்கையில் தவறில்லை. அடுத்து தோல் பதனிடும் ஆலைக்காரர்கள் எழுந்தார்கள்: எங்கள் மூலப்பொருள் விலை ஏறப்போகிறது, பதனிட்ட தோலுக்கும் வரி போடுங்கள். பிறகு ஷூ ஆலைக்காரர்கள்: தோல் விலை ஏறினால் நாங்கள் மட்டும் எப்படிப் பிழைப்பது? கடைசியில் பச்சைத் தோலுக்கு 10 சதவீதம், ஷூவுக்கு 20 சதவீதம் என்று முடிந்தது. பண்ணைக்காரர் மாட்டுத் தோலில் பார்த்த சில்லறையை, தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன இடத்தில் திருப்பிக் கொடுத்திருப்பார். இதுபோல ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு சங்கிலி. சிமெண்ட், செங்கல் என்று அதுவரை வரியே இல்லாத சரக்குகளும் பட்டியலில் ஏறின.

கீழவையில் வரிக் குழுத் தலைவர் ஒரிகன் மாநிலத்தின் வில்லிஸ் ஹாலி. செனட்டில் நிதிக் குழுத் தலைவர் யூட்டாவின் ரீட் ஸ்மூட். ஸ்மூட் மார்மன் என்ற மதப் பிரிவின் திருச்சபையில் அப்போஸ்தலர் எனப்படும் உயர் தலைவர்களில் ஒருவர். அந்தத் திருச்சபைக்கு பீட் சர்க்கரை ஆலையில் பெரிய பங்கு இருந்தது. அவர் எந்தப் பொருளின் வரியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னும் வெளிப்படையான ஆள்களும் இருந்தார்கள். பெருவில் மச்சு பிச்சு இடிபாடுகளை உலகுக்கு அறிமுகப்படுத்தியவராகப் பலருக்கும் தெரிந்த ஹைரம் பிங்கம் அப்போது கனெக்டிகட் செனட்டர். தன் மாநில ஆலை முதலாளிகள் சங்கத்தின் ஊழியர் ஒருவரை செனட்டின் சம்பளப் பட்டியலிலேயே சேர்த்து, வரி விகிதங்களை முடிவுசெய்யும் மூடிய கூட்டத்துக்குக் கூடவே அழைத்துப் போனார். விஷயம் வெளியே வந்து, 1929 நவம்பரில் செனட் அவருக்குக் கண்டனம் தெரிவித்தது. பென்சில்வேனியா ஆலை முதலாளிகள் சங்கத் தலைவர் ஜோசப் கிரண்டி இன்னொரு ரகம். கட்சியின் தேர்தல் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்; அதற்குக் கைம்மாறு வர வேண்டும் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. உறுப்பினர்களிடம் ஆள் பிடித்துக் காரியம் சாதிக்கும் லாபிக்காரர்களை விசாரித்த செனட் குழுவின் முன் உட்கார்ந்துகொண்டு, பின்தங்கிய மேற்கு மாநிலங்கள் வரி விஷயத்தில் வாயை அடக்கிப் பேச வேண்டும் என்ற தோரணையில் பேசினார். அந்த டிசம்பரிலேயே காலியாக இருந்த ஓர் இடத்துக்கு நியமிக்கப்பட்டு அவரே செனட்டராகிவிட்டார். விசாரிக்கப்பட்டவர் விசாரித்தவர்களோடு போய் உட்கார்ந்தார்!

ஆனால் எல்லாவற்றையும் லஞ்சம், ஊழல் என்று படித்தால் தவறாகப் படித்தவர்களாவோம். பெரும்பாலான உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்காக உண்மையாகத்தான் உழைத்தார்கள். என் ஊர் ஆலைக்கு நீ கை தூக்கு, உன் ஊர்ப் பயிருக்கு நான் தூக்குகிறேன் என்பதுதான் நடைமுறை. ஒவ்வொரு வரியாலும் நாடு முழுக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில சென்ட் கூடும். அதற்காக யாரும் தந்தி அடிக்கப் போவதில்லை. லாபம் அடையும் ஆலையோ ஒன்றிரண்டு ஊர்களில் இருக்கிறது; அங்கே வேலை செய்கிறவர்கள், முதலாளி, உள்ளூர்ப் பத்திரிகை எல்லோரும் சேர்ந்து தந்தி அடிப்பார்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 890 பொருள்களுக்கு வரி ஏறியது. 235 பொருள்களுக்குக் குறைந்தும் இருக்கிறது. ஏறாத பொருள் ஒன்றுமில்லை என்பது போலச் சிலர் எழுதுவது மிகை.

ஆயிரம் அறிஞர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சரியான எண் 1,028. பால் டக்ளஸ், இர்விங் ஃபிஷர், ஃபிராங்க் டௌசிக் போன்ற பெரிய தலைகளெல்லாம் அதில் உண்டு. பொருளியல்காரர்கள் அத்தனை பேர் ஒரே குரலில் பேசுவது எந்தக் காலத்திலும் அபூர்வம். ஆனால் அறிக்கை வெளியானது 1930 மே மாதம். கீழவை முந்தைய ஆண்டு மே மாதமே 264-க்கு 147 என்று நிறைவேற்றிவிட்டது. செனட்டும் மார்ச்சில் தன் வடிவத்தை நிறைவேற்றிவிட்டது. இரு அவைகளும் உட்கார்ந்து வேற்றுமைகளைத் தீர்த்துக்கொண்டிருந்த கட்டத்தில் போய்ச் சேர்ந்த அறிக்கை அது. பதினேழு மாதம் பேரம் பேசித் தன் ஊர்ச் சரக்கை உள்ளே ஏற்றிய உறுப்பினர், ஒரு காகிதத்தைப் பார்த்து அதை இறக்கிவிடுவாரா? ஜூன் 13-ல் செனட் 44-க்கு 42 என்று மயிரிழையில் ஏற்றது. மறுநாள் கீழவை 222-க்கு 153.

ஹூவர் நிறுத்தியிருக்கலாம். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு வெள்ளை மாளிகைக்கே போய் இது முட்டாள்தனம் என்று எடுத்துச் சொன்னார். ஜே.பி. மார்கன் வங்கியின் தாமஸ் லாமன்ட், நிராகரிக்கும்படி ஏறக்குறைய மண்டியிட்டுக் கேட்டதாகப் பின்னாளில் சொன்னார். ஹூவர் கேட்கவில்லை. அவர் வைத்திருந்த நம்பிக்கை சட்டத்தின் ஒரு பிரிவு மீது: வரி ஆணையம் பரிந்துரைத்தால், எந்த வரியையும் பாதியளவு வரை அதிபர் கூட்டலாம், குறைக்கலாம். நாடாளுமன்றம் செய்த அலங்கோலத்தை வல்லுநர்களை வைத்துப் பொறுமையாகச் சரிசெய்துவிடலாம் என்று பொறியாளரான ஹூவர் நினைத்தார். நடைமுறையில் அப்படிச் சரிசெய்யப்பட்டவை சொற்பம்.

இப்போது சேதக் கணக்கு. வரி கட்ட வேண்டிய பொருள்களின் சராசரி வரி, பழைய சட்டத்தின் கீழ் சுமார் 40 சதவீதம். புதிய சட்டம் அதைச் சுமார் 47 ஆக்கியது. இறக்குமதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு வரியே கிடையாது. இதை மட்டும் பார்த்தால் 'இதற்கா இவ்வளவு சத்தம்' என்று தோன்றும். உங்கள் கேள்வியின் இரண்டாம் பக்கத்தார் நிறுத்திக்கொள்ளும் இடமும் இதுதான். ஆனால் 1932-ல் அந்தச் சராசரி 59 சதவீதத்தைத் தொட்டது. நாடாளுமன்றம் இடையில் புதிதாக ஏற்றிய வரிகள் அதற்குப் பிரதானக் காரணம் அல்ல.

பிரதானக் காரணம், பல வரிகள் சதவீதக் கணக்கில் இல்லை. பவுண்டுக்கு இத்தனை சென்ட், டஜனுக்கு இத்தனை சென்ட் என்று எடைக்கும் எண்ணிக்கைக்கும் போடப்பட்டவை. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபா சர்க்கரைக்குப் பவுண்டுக்கு சுமார் 1.76 சென்ட்டாக இருந்த வரி 2 சென்ட் ஆனது. கால் சென்ட்தான் ஏற்றம். 1929-ல் கியூபா சர்க்கரையின் விலை பவுண்டுக்கு 2 சென்ட் அளவில் இருந்தது. 1932-ல் அது ஒரு சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. வரி அதே 2 சென்ட். அதாவது விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வரி! விற்கிறவன் விலையைக் குறைக்கக் குறைக்க, வரியின் பாரம் சதவீதத்தில் ஏறிக்கொண்டே போகும். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் சர்க்கரை அமெரிக்க ஆட்சிப் பகுதிச் சரக்கு என்பதால் வரியில்லாமல் நுழைந்தது. அமெரிக்கச் சந்தையில் சுமார் பாதியை வைத்திருந்த கியூபாவின் பங்கு 1933-ல் கால்வாசியாகச் சுருங்கியது. கரும்பை விட்டால் வேறு பிழைப்பில்லாத தீவு அது. 1933-ல் அங்கே அதிபர் மச்சாடோவின் ஆட்சி கவிழ்ந்ததற்கு அரசியல் காரணங்கள் பல. வயிற்றுப் பாடு அவற்றில் கடைசி அல்ல.

பொருளியல் வரலாற்றாளர் டக்ளஸ் இர்வின் இதைப் பிரித்துக் கணக்குப் போட்டிருக்கிறார். சட்டத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க இறக்குமதியின் அளவு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சட்டம் ஏற்றிய வரி மட்டும் குறைத்தது 4 முதல் 8 சதவீதம். விலைச் சரிவால் வரி கனத்தது மேலும் 8 முதல் 10 சதவீதத்தைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்து அவர் தனியாகப் போட்ட மாதிரிக் கணக்கில், மொத்த வீழ்ச்சியில் ஏறக்குறைய கால்பங்குக்கு வரி பொறுப்பு என்று வருகிறது. மிச்சமெல்லாம் வருமானம் போனதால் வந்தது. எனக்கு நியாயமாகப் படும் கணக்கு இதுதான்.

பெருமந்தத்தின் பிரதானக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் திவாலான வங்கிகள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மத்திய வங்கி, தங்கத்தோடு கட்டிப்போட்ட நாணயங்கள். அது தனிப் பதிலாகப் போகும் விஷயம்.

பதிலடி விஷயத்தில் கனடாவைப் பார்த்தால் போதும். அமெரிக்க ஏற்றுமதிக்கு மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று, கூடவே மிக நெருங்கிய அண்டை. அங்கே பிரதமர் மெக்கன்சி கிங் சண்டை விரும்பாதவர். மசோதா இன்னும் கையெழுத்தாகாத 1930 மே மாதத்திலேயே, 16 அமெரிக்கப் பொருள்களுக்கு மட்டும் பதில் வரி, பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை என்று பட்ஜெட்டில் மிதமாகக் காட்டினார். ஜூலையில் பொதுத்தேர்தல். எதிர்க்கட்சியின் ஆர்.பி. பென்னட், இந்த மிதமெல்லாம் போதாது, வரியை வைத்தே உலகச் சந்தைகளை உடைத்துத் திறப்பேன் என்று முழங்கி ஜெயித்தார். செப்டம்பரில் கனடாவின் வரிகள் கண்டபடி ஏறின.

முட்டையைப் பாருங்கள். அமெரிக்கா முட்டை வரியை டஜனுக்கு 8 சென்ட்டிலிருந்து 10 ஆக்கியது. கனடா தன் 3 சென்ட் வரியை அதே 10 ஆக்கியது. கனடா முட்டை அமெரிக்காவுக்கு வந்ததைவிட அமெரிக்க முட்டை கனடாவுக்குப் போனதுதான் அதிகம். சில ஆண்டுகளில் அந்த ஏற்றுமதி ஏறக்குறைய அற்றுப்போனது. 2 சென்ட் ஏற்றத்துக்கு அமெரிக்கக் கோழிப் பண்ணைக்காரர் கொடுத்த விலை அது. கனடாவில் வியாபாரத்தை விட மனமில்லாத அமெரிக்க ஆலைகள் எல்லையைத் தாண்டி அங்கேயே கிளை ஆலைகள் கட்டின. அமெரிக்கத் தொழிலாளிக்கு என்று சொல்லிப் போட்ட வரி, வேலையைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தது.

ஸ்பெயினும் இத்தாலியும் அமெரிக்கக் கார்களைக் குறிவைத்தன. கடிகார வரியால் கொதித்த சுவிட்சர்லாந்தில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்தது. 'அறுபது நாடுகள் பதிலடி கொடுத்தன' என்று இணையத்தில் சுற்றும் வாசகத்தை அப்படியே விழுங்க வேண்டாம். பல நாடுகள் தங்கள் சொந்த நெருக்கடிக்காக, முக்கியமாக 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்ட பிறகு, வரியை ஏற்றின. ஆனால் நிஜமாகவே பதிலடி கொடுத்த நாடுகளைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்த கிரிஸ் மிட்சனர், கெவின் ஓ'ரூர்க் உள்ளிட்டோர், அந்த நாடுகளுக்கான அமெரிக்க ஏற்றுமதி அதனால் சுமார் 30 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். இது சின்ன எண் அல்ல. ஐரோப்பா அமெரிக்காவுக்குப் போர்க் கடன் வேறு அடைத்துக்கொண்டிருந்தது. சரக்கை விற்காமல் டாலருக்கு எங்கே போவார்கள் என்று வாஷிங்டனில் ஓங்கிக் கேட்டவர்கள் குறைவு.

நம் பக்கமும் இதன் அலை வந்தது. பென்னட் 1932-ல் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் மாநாட்டை நடத்தினார். பேரரசுக்குள் ஒருவருக்கொருவர் வரிச் சலுகை, வெளியாருக்குச் சுவர் என்பது ஏற்பாடு. யோசனை பிரிட்டனில் முன்பே இருந்ததுதான். அமெரிக்கச் சுவர் அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. இந்தியப் பிரதிநிதிகளில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானவர். அந்த ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் பொருள்கள் பலவற்றுக்கு இந்தியாவில் 10 சதவீதமும் மோட்டார் வண்டிகளுக்கு 7.5 சதவீதமும் சலுகை கிடைத்தது. தேசியவாதிகளும் இந்திய வணிகர் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒப்பந்தத்தை ஆதரித்த சண்முகம் செட்டியார் 1934 சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார்.

தோற்றவர் அவர் மட்டுமல்ல. கிரண்டி 1930 மே மாதமே தன் கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார். ஹாலிக்கு 1932-ல் கட்சி வேட்பாளர் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஸ்மூட்டும் ஹூவரும் அந்த நவம்பரில் விழுந்தார்கள்.

1934-ல் ரூஸ்வெல்ட்டின் வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிற நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு, வரியைப் பாதியளவு வரை மாற்றும் அதிகாரம் அதிபருக்குப் போனது. அதன் பிறகு பொருள் பொருளாக உட்கார்ந்து நாட்டின் முழு வரிப் பட்டியலையும் எழுதும் வேலையை அமெரிக்க நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அமெரிக்க வரிச் செய்திகளில் இன்றைக்கு மசோதாவைவிட அதிபரின் ஆணை அதிகம் அடிபடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக, 1930 சட்டம் இன்னும் ரத்தாகவில்லை. அமெரிக்கப் பொருள்களிடம் பாரபட்சம் காட்டும் நாட்டுக்கு 50 சதவீதம் வரை வரி போட அதிபரை அனுமதிக்கும் 338-ம் பிரிவு அதில்தான் இருக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் துறைமுகத்தில் நிறுத்தும் 307-ம் பிரிவும் அதே சட்டம்தான். அமெரிக்கச் சுங்க வரிப் புத்தகத்தைத் திறந்தால், வழக்கமான விகிதத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது விகிதம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் பெரும்பாலும் இருப்பவை 1930-ன் எண்களே. கியூபா, வட கொரியா, 2022 முதல் ரஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றின் சரக்குக்கு அந்தப் பத்தி பொருந்தும்.